கிட்டங்கியில் பிறந்த வீடு

சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஆடம்ஸ் தெருவில் மேற்கே நடந்தால் முதலில் கிளின்டன் தெரு, அடுத்து ஜெஃபர்சன் தெரு. என் ஆபீஸ் அதையும் தாண்டி இருந்தது. 2007 டிசம்பரில் கம்பெனி என்னை ஆறு மாத வேலை என்று சொல்லித்தான் அங்கே அனுப்பியது. ஆறு மாதம் இழுத்து இழுத்து ஒன்பது வருஷம் ஆனது. முதல் இரண்டு மாதம் அந்தத் தெருவில் நான் என் ஷூவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. காற்று முகத்தில் அறையும். தலையைக் குனிந்தபடி, பனியில் வழுக்காமல் ஆபீஸ் போய்ச் சேர்வதே அன்றைய பெரிய சாதனை.

பிப்ரவரியில் ஒருநாள் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. சிக்னலுக்காக நின்றபோது தலை நிமிர்ந்தேன். சிகாகோவில் தெருப்பெயர்ப் பலகை பச்சையாக இருக்கும். யாரையாவது கௌரவிக்கத் தெருவுக்கு இன்னொரு பெயர் சூட்டினால் அந்தப் பலகை மட்டும் பழுப்பு நிறம். ஜெஃபர்சன் தெருப் பலகையோடு ஒரு பழுப்புப் பலகையும் இருந்தது. அதில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்று ஒரு பெயர். நக்கிள்ஸ் என்றால் விரல் முட்டி. சிகாகோ என்றால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அல் கபோன் ஒருவன்தான். யாரோ பழைய குத்துச்சண்டைக்காரர், இல்லாவிட்டால் திருந்திய ரவுடி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் தபால் அறையில் ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. தெற்குச் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். எல்லோரையும் ‘பேபி’ என்றுதான் கூப்பிடுவார், எங்கள் டைரக்டர் உட்பட. நான் அவரை ‘மேடம்’ என்பேன். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அவரிடம் போய், அந்த முனையில் ஒரு குத்துச்சண்டைக்காரர் பெயர் இருக்கிறதே, யார் அவர் என்று கேட்டேன்.

கையிலிருந்த கவர் கட்டைக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

“பேபி, அந்தாளு யாரையும் குத்தினதில்ல. ரெக்கார்டு போட்டாரு. இந்த ஊரையே ஆட வெச்சாரு. நீ தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வர்ற.”

206, தெற்கு ஜெஃபர்சன் தெரு. மூன்று மாடிச் செங்கல் கட்டடம், சரக்கு அடுக்குவதற்கென்று கட்டியது. 1977-இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் அங்கே ஒரு நடனக் கூடம் திறந்தார். ரெக்கார்டு போட நியூயார்க்கிலிருந்து ஃப்ராங்கி நக்கிள்ஸை வரவழைத்தார். அப்போது நக்கிள்ஸுக்கு இருபத்திரண்டு வயது. கூடத்துக்கு வந்தவர்கள் அதை வேர்ஹவுஸ், அதாவது கிட்டங்கி, என்றார்கள், கட்டடம் அதுதானே. அங்கே கேட்ட மாதிரி ரெக்கார்டு வேண்டும் என்று இம்போர்ட்டஸ் எட்ஸெட்ரா என்ற கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடைக்காரர்கள் அந்தத் தட்டில் வேர்ஹவுஸ் பெயரை எழுதி ஒட்டினார்கள். நாளாக நாளாக அந்தப் பெயரின் முன்பாதி உதிர்ந்து ‘ஹவுஸ்’ மட்டும் நின்றது. உலகம் முழுக்க இன்று ஹவுஸ் என்று சொல்லும் இசைக்குப் பெயர் வந்த கதையாக அங்கே பலரும் சொல்வது இதுதான்.

எனக்கு உடனே அப்பா நினைவுதான் வந்தது. விருதுநகரில் அவர் ஒரு வத்தல் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். கிட்டங்கி என்றால் எனக்கு இருட்டும் சாக்குமூட்டையும் மூக்கைத் துளைக்கும் நெடியும்தான். அங்கே யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. தும்மித்தான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இடத்திலிருந்து ஒரு இசை வந்தது என்பதும், கிட்டங்கியின் தலையைக் கிள்ளினால் வீடு மிஞ்சுகிறது என்பதும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு தபால் அறையில் போய் உட்கார்வது என் வழக்கமானது.

ஏன் கிட்டங்கி என்று கேட்டேன். சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது, சத்தம் என்று புகார் சொல்ல அக்கம்பக்கத்தில் குடித்தனமும் கிடையாது என்றார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீனோ இளைஞர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஓரின ஈர்ப்பு உள்ளவர்கள். ஊரின் மற்ற கிளப்புகளில் சிலரைத் தோலுக்காகத் தடுப்பார்கள், சிலரை நடை உடைக்காகத் தடுப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்துத் தடுக்கப்பட்டவர்களுக்கு அந்த மாடிப்படி திறந்திருந்தது. மது கிடையாது. தண்ணீர், ஜூஸ். சனிக்கிழமை இரவு உள்ளே போனால் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு வெளியே வருவார்கள்.

“வெளிய வந்து பஸ் ஏறினா, பஸ் நிறைய சர்ச்சுக்குப் போற ஆளுங்க. தொப்பி, கையுறை, இஸ்திரி போட்ட சட்டை. நாங்க வேர்வையில தெப்பமா நனைஞ்சு நிப்போம். எங்கம்மாகிட்ட நானும் சர்ச் வேலைன்னுதான் சொல்லிட்டு வந்திருப்பேன். அதுல பொய் ரொம்ப இல்ல.”

நக்கிள்ஸ் நள்ளிரவில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வேகமாக ஓடும் ரயிலின் ஓசையை ஸ்பீக்கரில் விடுவாராம். ரயில் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வருவது போலிருக்குமாம். இரண்டு தெரு தள்ளி நிஜ ரயில் நிலையம். தினமும் அங்கே வந்து இறங்கிய எனக்கு இதைக் கேட்ட பிறகு அந்த நடைமேடையே வேறாகத் தெரிந்தது.

1979 ஜூலை 12 பற்றியும் அந்தப் பெண்மணிதான் சொன்னார். காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு ரேடியோ அறிவிப்பாளர் முன்னின்று டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார். ஒரு ரெக்கார்டு கொண்டு வந்தால் டிக்கெட் 98 சென்ட். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போனது. அன்று அங்கே ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் இருந்த பையன் வின்ஸ் லாரன்ஸ், பின்னாளில் ஹவுஸ் இசையின் முதல் ஆட்களில் ஒருவர். வந்து குவிந்தவை டிஸ்கோ மட்டும் இல்லை, கறுப்பர்கள் பாடிய எந்த ரெக்கார்டானாலும் கொண்டு வந்தார்கள் என்று அவர் பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவின. புது ரெக்கார்டு வரத்து குறைந்தது. ஆனால் கிட்டங்கியில் ஆட்டம் நிற்கவில்லையே. நக்கிள்ஸ் இருக்கிற பாட்டையே டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். நல்ல இடம் எட்டு விநாடி இருந்தால் அது இரண்டு நிமிஷம் ஆகும். பிறகு தாள இயந்திரம் வந்தது. ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-909 1983-இல் வெளியானது. சுமார் பத்தாயிரம்தான் செய்தார்கள், வியாபாரத்தில் தோல்வி. கடையில் விலைபோகாத சரக்கு மலிவு விலைக்குக் கைமாறி இளைஞர்களிடம் வந்து சேர்ந்தது. நக்கிள்ஸ் ஒன்றை டெட்ராய்ட்டின் டெரிக் மேயிடமிருந்து வாங்கினார்.

எல்லாம் பேச்சாகவே இருக்கிறதே, எதையாவது கேட்டாயா என்று அந்தப் பெண்மணி ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். “லாரி ஹெர்ட்ல ஆரம்பி” என்றார்.

லாரி ஹெர்ட் டிரம் வாசிப்பவராக இருந்தவர். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உத்தியோகம். பகலில் ஊராரின் உதவித்தொகைக் கோப்புகள், இரவில் வீட்டில் ஒரு சிந்தசைசரும் ஒரு தாள இயந்திரமும். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் 1986-இல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’ என்ற ரெக்கார்டைத்தான் ஹவுஸின் ஒரு பிரிவான டீப் ஹவுஸின் ஊற்று என்று சொல்வார்கள். அன்று மாலையே நார்த் கிளார்க் தெருவில் இருக்கும் கிராமஃபோன் ரெக்கார்ட்ஸுக்குப் போனேன். 1969-இல் தொடங்கிய கடை. வாங்குமுன் கேட்டுப் பார்க்க அங்கே டர்ன்டேபிள்கள் உண்டு. ஹெட்போனை மாட்டி ஊசியை வைத்தேன்.

முதலில் தாளம். சதுஸ்ர நடை, அட்சரத்துக்கு ஒரு அடி, விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு. அதற்கு மேல் ஒரு பாஸ் வரி சுற்றிச் சுற்றி வருகிறது, மாவாட்டும் குழவி மாதிரி. பிறகு ஒரு ஸ்வரக்கூட்டு மெதுவாக விரிந்து அப்படியே நிற்கிறது. அதிலே மகிழ்ச்சியும் இருக்கிறது, ஏதோ ஒன்று கைவிட்டுப் போன கலக்கமும் இருக்கிறது. இரண்டில் எது என்று சொல்லாமலே ரெக்கார்டு முடிந்துவிடுகிறது. ஆடச் சொல்லும் பாட்டு ஏன் இவ்வளவு தனிமையாக இருக்கிறது என்று நினைத்தேன். கடையில் நின்றபடி மூன்று தடவை கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் சிரித்தான். என்னைப் போலப் பலரைப் பார்த்திருப்பான்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஒன்று வாங்கினேன். வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ ஒரு தள்ளுகட்டை இருக்கும். இரண்டு ரெக்கார்டுகளின் தாளத்தை ஒன்றோடொன்று பொருத்த அதுதான் கருவி. என்னிடம் இருந்ததோ ஒரே டர்ன்டேபிள். எதோடும் பொருத்த வழியில்லை, ஆனாலும் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். பன்னிரண்டு அங்குல சிங்கிள் என்பது ஏன் இந்த இசைக்கு உயிர் என்பதும் அப்போதுதான் விளங்கியது. எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் திணிக்க வேண்டும், பள்ளங்கள் நெருக்கமாக ஓடும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரே பாட்டை வைத்தால் பள்ளத்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அடிநாதம் அகலமாக அசைய முடியும். 1976-இல் சால்சோல் கம்பெனி ‘டென் பர்சென்ட்’ என்ற பாட்டை வால்டர் கிப்பன்ஸின் நீட்டிய வடிவில் இப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்த வகைத் தட்டு டிஜேக்களுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ரெக்கார்டு வாங்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோவின் பழைய அபார்ட்மென்ட்களில் சுவரோரமாக நீராவிக் குழாய் ஹீட்டர் இருக்கும். ரெக்கார்டுகளை அதன் பக்கத்தில் அழகாகச் சாய்த்து வைத்தேன். ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது ஏழு ரெக்கார்டு அப்பளமாக நெளிந்திருந்தது. ஊசி அவற்றின் மேல் படகு மாதிரி ஏறி இறங்கியது. “பொரிச்சா சாம்பாருக்கு ஆகும்” என்றாள் மனைவி.

நான் சொல்ல வந்த விஷயம் அடுத்த வருஷம் நடந்தது.

அப்போது புதிது புதிதாக டீப் ஹவுஸ் ரெக்கார்டுகள் வந்துகொண்டிருந்தன. பழைய தலைமறைவுக் காலத்துக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவை. மொத்தமே 300 பிரதி, உறையில் படம் கிடையாது, லேபிளில் ரப்பர் ஸ்டாம்பு, சிலதில் பெயர்கூடக் கிடையாது. 909 தாளம், மங்கலான ஸ்வரக்கூட்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த அப்படி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். 180 கிராம் கனத் தட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தபால் அறை அம்மாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வடையை மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவிக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் பெருமையாக அந்த ரெக்கார்டைப் போட்டேன்.

ஆரம்பத்திலேயே கரகரவென்று சத்தம். அந்த அம்மா சட்டென்று எழுந்து டர்ன்டேபிளிடம் போனார். ஊசிக்கையை ஒற்றை விரலால் தூக்கினார், அத்தனை லாவகமாக. குனிந்து ஊசிமுனையைப் பார்த்து வாயால் மெல்ல ஊதினார். தட்டின் மேல் சேலைத் தலைப்பால் துடைப்பது போலத் தன் கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடி அதே கரகரப்பு. திரும்பி என்னைப் பார்த்தார்.

“தூசி இல்லீங்க. ரெக்கார்டுலயே அப்படித்தான் இருக்கு. பழசு மாதிரி இருக்கணும்னு வேணும்னே சேர்த்திருக்காங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “பேபி, அந்தக் காலத்துல பழைய ரெக்கார்டை உருக்கி, அதுலயே புது ரெக்கார்டு அடிச்சுக் குடுப்பாங்க. வாங்கிட்டு வந்தா வறுகடலை பொரியற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்துக்காக நான் கடையில சண்டை போட்டு ரெண்டு டாலர் திருப்பி வாங்கியிருக்கேன். இவங்க அதைக் காசு குடுத்துச் சேர்க்கறாங்களா?”

பிறகு பாட்டு முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். தாளம் நன்றாக இருக்கிறது என்றார். ஸ்வரக்கூட்டு அழகு என்றார். எழுந்து புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டார். “இதைப் போட்ட பையனுக்கு அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னு தெரியுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்தால், அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். சத்தத்தைத் தேடித் தேடிச் சேகரித்த நான் அந்த அறையில் இருந்தவர்களைப் பற்றி மதியச் சாப்பாட்டுக்கு இடையில் கேட்ட கதை அளவுக்குத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ரெக்கார்டு வாங்கும்போது அந்தக் கேள்வியையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பல ரெக்கார்டுகள் அதன் முன் நிற்கவில்லை. சில நின்றன. டெட்ராய்ட்டின் மூடிமேன் 1997-இல் வெளியிட்ட ‘சைலன்ட் இன்ட்ரொடக்‌ஷன்’ ஆல்பத்திலும் ஒலி மங்கல்தான், கரகரப்பும் உண்டு. ஆனால் அது தன் ஊரின் பழைய பாட்டுகளைத் தன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டுகிறவனின் கரகரப்பு. சிகாகோவில் வளர்ந்து டெட்ராய்ட்டுக்குக் குடிபோன தியோ பாரிஷ் அதே 1997-இல் சவுண்ட் சிக்னேச்சர் என்று சொந்த லேபிள் தொடங்கினார். அவருடைய தாளம் கொஞ்சம் தள்ளாடும், கணினி போல நேராக நடக்காது. கேட்கும்போது ஒரு ஆள் அங்கே நிற்கிறார் என்று தெரியும். 1993-இல் சிகாகோவில் ரான் ட்ரென்ட்டும் ஷே டாமியேவும் சேர்ந்து தொடங்கிய பிரிஸ்கிரிப்ஷன் லேபிள் ரெக்கார்டுகளிலும் அதே உணர்வு. அவர்கள் வேரை நோக்கித் திரும்பவில்லை. மரத்தை விட்டு அவர்கள் எங்கேயும் போகவே இல்லை.

வெளியிலிருந்து வந்தவற்றில் என்னை உலுக்கியது ஒரு ஜப்பானிய லேபிளின் ஆல்பம். டிஜே ஸ்ப்ரிங்கிள்ஸ் என்ற பெயரில் டெர்ரே தேம்லிட்ஸ் 2008-இல் செய்த ‘மிட்டவுன் 120 புளூஸ்’. தேம்லிட்ஸ் அமெரிக்கர். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகே திருநங்கையரும் பாலியல் தொழிலாளிகளும் கூடிய ஒரு கிளப்பில் ரெக்கார்டு போட்டவர். பிறகு ஜப்பானுக்குக் குடிபோனவர். பியானோ, அடங்கிய தாளம், இடையிடையே பேச்சு. ஹவுஸ் எல்லோருக்கும் பொதுவானது, அன்பு, ஒற்றுமை என்று பிற்பாடு சொல்லப்பட்ட கதையை அந்தப் பேச்சு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த இசை குறிப்பிட்ட சிலரின் குறிப்பிட்ட கஷ்டத்திலிருந்து வந்தது, அதை மறந்துவிட்டு இசையை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று என் காலரைப் பிடித்துச் சொன்னது. ஊசியில் தூசி இல்லை. ரெக்கார்டு பளிங்கு மாதிரி சுத்தம். அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். “இந்தாளுக்குத் தெரியுது” என்றார். அவ்வளவுதான்.

2012 ஜூலையில் அவர் எங்களைச் சோஸன் ஃபியூ பிக்னிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிகாகோவின் முதல் தலைமுறை டிஜேக்களில் சிலர் சேர்ந்த குழு சோஸன் ஃபியூ. 1990-இல் அவர்களின் குடும்ப ஒன்றுகூடலாக ஆரம்பித்து, வருஷா வருஷம் பெருத்து, ஜாக்சன் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவாகிவிட்டது. நான் டீப் ஹவுஸ் என்றால் இருட்டறை, சிவப்பு பல்பு, முகம் தெரியாத கூட்டம் என்றே மனதில் வைத்திருந்தேன். இங்கே உச்சிவெயில். மடக்கு நாற்காலி, குடை, ஐஸ்பெட்டி. கரியடுப்பில் கோழி வேகும் புகை. ஐம்பது வயது, அறுபது வயது ஆட்கள் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஆடுகிறார்கள். ஒரு கிழவர் ஊன்றுகோலைத் தரையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு அடி தப்பவில்லை. தலைமறைவு, தலைமறைவு என்று நாங்கள் ரப்பர் ஸ்டாம்பில் தேடிக்கொண்டிருந்தது இங்கே பேரன் பேத்தியோடு கோழி தின்றுகொண்டிருந்தது.

நான் ஓரமாக நின்றேன். ஆட வெட்கம். அந்த அம்மா கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, “அவங்க ஆடறதைப் பாரு. அப்புறமா ஆடு” என்றார். ஒரு மணி நேரம் பார்த்தேன். அப்புறம் என்ன ஆனது என்பதை என் மனைவி எடுத்த வீடியோ சொல்லும். அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

2014 மார்ச் 31 அன்று ஃப்ராங்கி நக்கிள்ஸ் இறந்துபோனார். வயது 59. மறுநாள் அந்த அம்மா வழக்கம்போல வேலைக்கு வந்தார், கவர்களை வழக்கம்போலப் பிரித்து அடுக்கினார். மதியம் கோட்டை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, “நட” என்றார். 206-ஆம் எண் கட்டடத்தின் எதிரே போய் நின்றோம். உள்ளே ஏதோ ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. அன்றுதான் அவர் தன் பெரியம்மா மகனைப் பற்றிச் சொன்னார். நம் கணக்கில் அண்ணன். 1981-இல் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருந்த இவரை அந்தப் படியில் முதலில் ஏற்றிக் கூட்டிப் போனவர் அவர். 1989-இல் எய்ட்ஸில் இறந்துவிட்டார். அவரோடு ஆடியவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்றார்.

“அது என் ரூம் இல்ல பேபி. அவன் ரூம். நான் விருந்தாளி. விருந்தாளியா நடந்துக்கிட்டேன், அதனால என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க.”

ஆறு வருஷமாக அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. எனக்கு விருந்தாளி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போக வேண்டும். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விசாரிக்க வேண்டும். போட்டதைச் சாப்பிட வேண்டும். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அந்த ஐரோப்பிய ரெக்கார்டில் எனக்கு உறுத்தியது என்ன என்பதும் அப்போது பிடிபட்டது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது ஒரு குற்றமே இல்லை. நானும்தான் விருதுநகரிலிருந்து வந்தவன். அவர்கள் அந்த வீட்டுப் பாத்திரத்தின் நசுங்கலை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன், 2016-இல், ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்குக்குப் போனேன். 1923-இல் கட்டிய வங்கிக் கட்டடம், பல வருஷம் பூட்டிப் பாழடைந்து கிடந்தது. சிற்பி தியஸ்டர் கேட்ஸ் நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு 2015-இல் கலைக்கூடமாகத் திறந்தார். நக்கிள்ஸின் ரெக்கார்டுகள், ஏறத்தாழ ஐயாயிரம், அங்கேதான் இருக்கின்றன. அலமாரி முன் நின்று பார்த்தேன். நான் போற்றிப் போற்றி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பவை போல இல்லை. முனைகள் மழுங்கி, ஓரம் வெளுத்து, இழுத்து இழுத்து நைந்துபோன உறைகள். எங்கள் அப்பாவின் பேரேடுகள் இப்படித்தான் இருக்கும். தினமும் கை பட்ட சாமானுக்கே வரும் மழுங்கல் அது. புது ரெக்கார்டில் அதை யாரும் ஸ்டாம்பு குத்திக் கொண்டுவர முடியாது.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். டர்ன்டேபிள் கூடவே வந்துவிட்டது. மார்கழியில்கூட இங்கே ஹீட்டர் தேவையில்லை என்பதால் ரெக்கார்டுகள் பத்திரம். சித்திரை வெயிலுக்குத்தான் பயம். 2018-இல் லாரி ஹெர்ட் மீண்டும் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில், தன் சொந்த லேபிளிலேயே, ‘செரிப்ரல் ஹெமிஸ்பியர்ஸ்’ என்ற ஆல்பம் வெளியிட்டார். தபாலில் வரவழைத்தேன். ஊசி வைத்ததும் எந்தக் கரகரப்பும் இல்லை. அந்த அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். சிரிக்கும் முகங்கள் பன்னிரண்டு வந்தன.

2023 ஜூனில் சிகாகோ நகர மன்றம் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இனி யாரும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. உங்கள் பிள்ளையோ மருமகளோ சிகாகோவில் இருந்து, நீங்கள் பார்க்கப் போனால், வழி சொல்கிறேன். யூனியன் ஸ்டேஷனில் இறங்கி ஆடம்ஸ் தெருவில் மேற்கே நடங்கள். கிளின்டனைத் தாண்டினால் ஜெஃபர்சன். ஐந்து நிமிஷம்தான். என்ன குளிராக இருந்தாலும் அங்கே ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்கள்.